வீட்டை இழுக்கும் வண்டி

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியவர்கள் நாம். நம் பிள்ளைகளோ அதற்கும் அடுத்த அடியாகக் கடல் கடந்து அமெரிக்கா சென்றுவிட்டனர். தில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் வாழும் நம் குடும்பங்களுள், அந்நாட்டிற்குச் சென்று மகனுடனோ மகளுடனோ சில திங்கள் தங்கி வரும் பெற்றோர் இன்று பலர். அவர்கள் கொண்டுவரும் செய்திகளுள் அண்மையில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "பெரிய டிரெயிலர் வீடு ஒன்று வாங்கப் போகிறோம், அதை இழுக்க ஒரு பிக்கப் வண்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அடுத்த முறை நீங்கள் வரும்போது மலைநாடெல்லாம் சுற்றிக் காட்டுகிறோம்" என்று பிள்ளைகள் கூறுகின்றனராம்.

கேட்க இனிமையான செய்திதான். எனினும் அவ்வண்டியின் பின்னிருக்கையில் ஏறி அமரப் போகிறவர்கள் நாமே அல்லவா? ஆகவே, வண்டியை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றி நாமும் சிறிது அறிந்து வைத்திருப்பது தகும். விலைக்கு வாங்குவோர் பெரும்பாலும் பார்ப்பது ஓர் எண்ணை. பார்க்க வேண்டியதோ வேறோர் எண். இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இழுக்கப்படும் பொருளைப் பார்ப்போம். டிரெயிலர் வீடு என்பது கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை அனைத்தும் அமைந்த, சக்கரங்களின் மேல் நிற்கும் ஒரு சிறு இல்லம். அதற்கென எஞ்சின் கிடையாது. இதில் இரு வகை உண்டு. ஒன்று, வண்டியின் பின்புறத்திலுள்ள உருண்டைக் குமிழில் மாட்டி இழுப்பது. மற்றொன்றை 'ஐந்தாம் சக்கரம்' என்பர். இதன் முன்பகுதி மேலே உயர்ந்து, பிக்கப் வண்டியின் திறந்த தொட்டிக்குள் பின் அச்சின் மீது வந்து அமரும். குதிரை வண்டிகளின் முன் அச்சு திரும்புவதற்காக, நான்கு சக்கரங்களுக்கும் அப்பால் படுக்கைவசமாக ஒரு வளையத்தை அமைத்திருந்தனர். அதுவே ஐந்தாம் சக்கரம் எனப் பெயர் பெற்றது. வண்டி போய்விட்டது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. விமானத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான கிளென் கர்ட்டிஸ் என்பவர் 1920களின் பிற்பகுதியில் இவ்வகை இணைப்புடன் கூடிய டிரெயிலர்களைச் செய்து விற்றார். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக நாடெங்கும் அகன்ற நெடுஞ்சாலைகள் ஏற்பட்டபின் இப்பழக்கம் பெருகியது.

இழுக்கும் வண்டிக்கு வருவோம். பெரிய டிரெயிலர்களை இழுப்பதற்கென்றே செய்யப்படும் பிக்கப் வண்டிகளை ஃபோர்டு, ராம், ஷெவர்லே, ஜி.எம்.சி. ஆகிய பெயர்களில் விற்கின்றனர். எஃப்-250, எஃப்-350 என்றும், 2500, 3500 என்றும் எண்கள் இருக்கும். சிறிய எண்ணுடையதை 'முக்கால் டன்' என்றும் பெரியதை 'ஒரு டன்' என்றும் அந்நாட்டார் இன்றும் அழைக்கின்றனர். ஒரு காலத்தில் அவை ஏற்றக்கூடிய பாரத்தைக் குறித்த பெயர்கள் அவை. இப்பொழுது வெறும் வழக்குச் சொற்களே. அப்பெயர்களை நம்பி எவரும் கணக்கிட வேண்டுவதில்லை.

விளம்பரத்தைப் பிரித்தால், 'இவ்வண்டி 18,000 பவுண்டு இழுக்கும்', '20,000 பவுண்டு இழுக்கும்' என்று கொட்டை எழுத்தில் காணலாம். 20,000 பவுண்டு என்பது 9,000 கிலோவுக்கும் மேல். அந்த எண் பொய்யன்று. முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம்போல் சோதித்து எண் சொல்லிவந்தது உண்மை. எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கம் 2008ஆம் ஆண்டில் ஜே2807 என்ற பொதுவிதியை வகுத்தபின், சில ஆண்டுகளில் பெரிய கம்பெனிகள் யாவும் அதனை ஏற்றன. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகே சுமார் 11 மைல் நீளமுள்ள ஏற்றம் ஒன்று உண்டு. கொளுத்தும் வெயிலில், குளிர்சாதனத்தை முழு அளவில் இயக்கியபடி, முழுப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்திற்குக் குறையாமல் அவ்வேற்றத்தை ஏறிக் காட்டவேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அச்சோதனையில் வண்டிக்குள் இருப்பவராகக் கொள்ளப்படுவோர் இருவர் மட்டுமே. ஆளுக்கு 150 பவுண்டு. பிள்ளைகள் இல்லை, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா இல்லை, பெட்டி படுக்கை இல்லை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது வேறு. தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பது வேறு. நம் ஊர்க் கட்டைவண்டியில் மூட்டையடுக்கும் பெரியவர்கள் 'முன்பாரம்', 'பின்பாரம்' என்று சொல்வதை நம்மில் முதியோர் கேட்டிருப்பர். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் பிடரி புண்ணாகும். அளவான முன்பாரம் இருந்தாலன்றி வண்டி நேராகச் செல்லாது. டிரெயிலரின் நியாயமும் அதுவே. குமிழில் மாட்டும் டிரெயிலரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை முன்பாரமாகக் கொக்கியின்மேல் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகமாகச் செல்கையில் டிரெயிலர் நாய்வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். ஐந்தாம் சக்கர வகையில் முன்பாரம் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை இருக்கும். ஆட்டம் குறைவு என்பதாலேயே பெரிய வீடுகள் எல்லாம் இம்முறையில் அமைகின்றன. ஆனால் அம்முன்பாரம் முழுவதையும் சுமப்பது பிக்கப் வண்டியின் பின் அச்சு.

வண்டி தாங்கும் பாரத்திற்கு அந்நாட்டில் 'பேலோட்' என்று பெயர். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் நிலைப்பகுதியில் ஒட்டியிருக்கும் தாளில் இவ்விவரம் காணும். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு வரையுள்ள வண்டிகளில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு பவுண்டுக்கு மேற்படலாகாது என்று ஒரே வரியில் எழுதியிருப்பர். அதற்கு மேற்பட்ட வண்டிகளில் மொத்த எடை வரம்பும், முன் அச்சு பின் அச்சு ஒவ்வொன்றின் வரம்பும் குறித்திருக்கும். வண்டியின் சொந்த எடையை வரம்பிலிருந்து கழித்து நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். விற்பனைச் சாலையில் பத்து வண்டிகள் ஒரே நிறத்தில், ஒரே பெயரில் நின்றாலும், பத்தின் எண்ணும் ஒன்றாயிராது. தோல் இருக்கை, மேற்கூரைக் கண்ணாடி என்று சேரும் ஒவ்வோர் அலங்காரமும் பேலோடில் சிறிது தின்றுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுதும் ஏற்றிய நிலையில் 14,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6,350 கிலோ எடையுள்ள ஐந்தாம் சக்கர வீடு ஒன்றை ஒரு குடும்பம் விரும்புகிறது. நூற்றுக்கு இருபது எனக் கொண்டால் முன்பாரம் 2,800 பவுண்டு. விற்பனையாளர் காட்டுவது, 18,000 பவுண்டு இழுக்கும் முக்கால் டன் டீசல் வண்டி. அதன் மொத்த எடை வரம்பு 10,000. சொந்த எடை 7,800 என வைத்துக்கொள்வோம். மீதம் 2,200 பவுண்டு. ஒருவர்கூட ஏறி அமரும் முன்பே 600 பவுண்டு மிகையாகிவிட்டது! இழுதிறனில் 4,000 பவுண்டு எஞ்சியிருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்வார். எஞ்சியிருப்பது மெய், அதனால் பயனில்லை என்பதும் மெய்.

அடுத்து ஒரு டன் வண்டி. வரம்பு 12,300, சொந்த எடை 8,000, மீதம் 4,300. முன்பாரம் 2,800 போக, தொட்டியில் பொருத்தும் இணைப்புக் கருவி 200. கணவன் மனைவி 300. இரு குழந்தைகள் 150. தொட்டியில் வைக்கும் கருவிகளும் விறகும் பிறவும் 200. ஆக 3,650. இன்னும் 650 பவுண்டு இடமிருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். அப்பொழுதுதான் ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வருகின்றனர்: 300 பவுண்டு. விமானத்தில் கொண்டுவந்த 23 கிலோப் பெட்டிகள் நான்கு: 200 பவுண்டு. மீதம் 150. முன்பாரம் இருபது பங்கென்று நினைத்தது இருபத்தைந்தாக இருந்துவிட்டாலோ, 550 பவுண்டு மிகை. பின் அச்சில் இரட்டைச் சக்கரம் பூட்டிய வண்டியாயின் வரம்பு 14,000 வரை செல்லும். சொந்த எடை 8,600 ஆனாலும் 5,400 பவுண்டு தாங்கும். மேற்கண்ட குடும்பத்திற்கு உரியது அதுவே என்பது நம் கருத்து. திருக்குறளில் வலியறிதல் என்றே ஓர் அதிகாரம் உண்டு. அதில் வண்டியின் அச்சும் மயிலிறகும் வருவதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.

டிரெயிலரின் எடையைக் கணக்கிடுவதிலும் ஒரு பொறி உண்டு. விற்பனைத் தாளில் 'வெற்று எடை' என ஒன்றைக் காட்டுவர். தண்ணீரின்றி, எரிவாயு உருளையின்றி, பாத்திரம் பண்டமின்றித் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோதிருந்த எடை அது. அந்த நிலையில் எவரும் பயணம் செய்வதில்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்குச் சற்று மேல்; 60 கேலன் தொட்டி நிரம்பினால் 500 பவுண்டு. நம்மவர் சமையற் சாமான்களோ கேட்கவே வேண்டாம். மாவரைக்கும் கல்லை விட்டுவிட்டுப் புறப்படும் வீடு எது? ஆகவே வெற்று எடையை மறந்து, டிரெயிலரின் உச்ச வரம்பு எடையையே கணக்கில் கொள்ளல் வேண்டும். இதனால் வேறொன்றும் விளங்கும்: முதலில் வீட்டைத் தேர்ந்து, பிறகே வண்டியைத் தேர வேண்டும். பலர் வண்டியை முதலில் வாங்கிவிட்டு, பின்னர் அது இழுக்கக்கூடிய வீடு கிடைக்காமல், அல்லது கிடைத்ததை இழுக்கும் வண்டி இல்லாமல், ஓராண்டுக்குள் இரண்டாம் முறை கடன்படுகின்றனர். டீசல் எஞ்சினுடன் கூடிய ஒரு டன் வண்டி புதிதாக எழுபதாயிரம் டாலரைத் தாண்டுவது அங்கே சாதாரணம். இரண்டாம் முறை என்பது எளிய செய்தியன்று.

டீசலா, பெட்ரோலா என்ற கேள்விக்கு நேரான விடை ஒன்றில்லை. டீசல் எஞ்சினுக்குக் குறைந்த சுழற்சியிலேயே முறுக்கு விசை மிகுதி. ராம் வண்டியில் வருவது கம்மின்ஸ் கம்பெனியாரின் 6.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். 1962ஆம் ஆண்டு முதல் அக்கம்பெனி புனேயில் தொழில் நடத்திவருவதால், அங்குள்ள நம் அன்பர்களுக்கு அப்பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஃபோர்டில் 6.7 லிட்டரும், ஷெவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளில் 6.6 லிட்டரும் உள்ள எட்டு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் வருகின்றன. ஆனால் டீசலுக்கு விலை பத்தாயிரம் டாலரை ஒட்டி அதிகம். புகையைத் தூய்மையாக்க யூரியாக் கரைசலைத் தனியே ஊற்றிவர வேண்டும். எஞ்சினின் எடையும் பல நூறு பவுண்டு கூடுதல். அந்த எடை கழிவது எதிலிருந்து? பேலோடிலிருந்துதான். முக்கால் டன் வண்டியில் டீசலைக் கேட்டு வாங்குவோர், இழுதிறனைக் கூட்டிக்கொண்டு தாங்குதிறனைக் குறைத்துக்கொள்கின்றனர்! 10,000 பவுண்டுக்கு உட்பட்ட வீட்டைச் சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இழுப்பவருக்குப் பெட்ரோல் எஞ்சினே போதும் என்போம்.

மலைநாட்டிற்குச் செல்வோர் நிலை வேறு. டென்வர் நகருக்கு மேற்கே எழுபதாம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் இடத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை உள்ளது. 1973இல் திறக்கப்பட்ட அது கடல்மட்டத்திற்கு 11,000 அடிக்கும் மேல் இருக்கிறது. நம் உதகமண்டலத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. காற்று மெலிந்த அவ்வுயரத்தில், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு வலிமையை இழக்கும். அதாவது உச்சியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டர்போ பூட்டிய டீசல் எஞ்சின் இவ்விழப்பைப் பெரும்பாலும் ஈடு செய்துகொள்ளும்.

ஏற்றத்தைவிட இறக்கமே அஞ்சத்தக்கது. ஏற்றத்தில் வலிமை குறைந்தால் மெதுவாகப் போகலாம். பின்னால் வருபவர் சலித்துக்கொள்வார், அவ்வளவே. அந்நெடுஞ்சாலையில் நூறடிக்கு ஏழடி சரியும் இறக்கங்கள் மைல்கணக்கில் தொடர்கின்றன. வண்டியும் வீடுமாகப் பத்தாயிரம் கிலோ எடை பின்னிருந்து தள்ளும்போது, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவாராயின் தட்டுகள் காய்ந்து, ஒரு கட்டத்தில் மிதிப்பதனால் பயன் அற்றுப்போகும். பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் நிரப்பிய ஒதுக்குப்பாதைகளை அங்கே அமைத்திருக்கின்றனர் என்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். டீசல் வண்டிகளிலுள்ள எக்ஸாஸ்ட் பிரேக் என்னும் அமைப்பு இதற்குக் கைகண்ட மருந்து. அது புகை வெளியேறும் வழியை நெருக்கி, எஞ்சினையே தடையாக மாற்றி, காலை வைக்காமலே வேகத்தை அடக்கும். நம்மைக் கேட்டால், டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி இவ்வொன்றுக்கே தகும்.

டிரெயிலருக்கும் தனியே பிரேக் உண்டு. 3,000 பவுண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு அது கட்டாயம் எனப் பெரும்பாலான மாநிலங்கள் விதித்துள்ளன. அதை இயக்கும் சிறு கைப்பிடி ஓட்டுநர் அருகே இருக்கும். வீடு ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை மிதித்தலும் தவறு. வேகத்தைக் கூட்டுதலும் தவறு. காலை மெல்ல எடுத்து, அக்கைப்பிடியை மட்டும் அழுத்தி டிரெயிலரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பயணத்திற்குப் புறப்படுமுன் மகனிடம் அக்கைப்பிடி எது என்று கேட்டு வைத்துக்கொள்வது நன்று. கேட்பதனால் அவனுக்கும் ஒருமுறை நினைவூட்டியதாகும்.

நிற்க. பயணத்தின்போது டிரெயிலருக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டே வரலாமே என்று முதியோர் சிலர் கேட்கின்றனர். கூடாது. குமிழில் மாட்டும் டிரெயிலருக்குள் ஆட்கள் இருப்பதைப் பல மாநிலங்கள் சட்டத்தாலேயே தடுத்துள்ளன. சில மாநிலங்களில் ஐந்தாம் சக்கர வகைக்கு மட்டும் இசைவு உண்டு. சட்டம் இடம் கொடுத்தாலும், பெல்ட் கட்டிய இருக்கை அங்கில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரட்டைச் சக்கர வண்டியை எல்லோரும் விரும்புவதில்லை. பின்புறம் எட்டடி அகலம். கடைத்தெருவில் நிறுத்தவும் குறுகிய சந்துகளில் திருப்பவும் தொல்லை. அன்றாடம் அலுவலகத்திற்கு அதே வண்டியில் செல்வோர் இதை நன்கு எண்ண வேண்டும். ஆயினும் குறுக்குக்காற்றில் அது நிலைகுலையாமல் நிற்கும். ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்திலுள்ளது தாங்கும். தொட்டியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். எட்டடித் தொட்டியாயின் கவலையில்லை. ஆறரை அடித் தொட்டியில், கூர்மையாகத் திரும்பும்போது ஐந்தாம் சக்கர வீட்டின் மூலை வண்டியின் பின்கண்ணாடியை இடித்து நொறுக்கக்கூடும். அதற்கெனப் பின்னோக்கி நகரும் இணைப்புக் கருவி தேவைப்படும். உரிமமும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட குமிழ் டிரெயிலருக்கும் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஐந்தாம் சக்கர வீட்டுக்கும் சாதாரணக் கார் உரிமம் செல்லாது. அங்கே டிரெயிலர் இழுப்போர் மணிக்கு 55 மைலுக்கு மேல் செல்லவும் கூடாது.

வாங்கியபின் முதல் வேலை எடை போடுவது. நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கும் நிலையங்களில் எடைமேடை இருக்கும். சொற்பக் கட்டணம் கொடுத்தால் முன் அச்சு, பின் அச்சு, டிரெயிலரின் அச்சு மூன்றின் எடையையும் தனித்தனியே அச்சிட்ட சீட்டில் தருவர். தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, குடும்பத்தார் அனைவரும் வண்டிக்குள் அமர்ந்தபடி மேடை ஏற வேண்டும். பாட்டி கீழே இறங்கி நின்றுகொண்டால் சீட்டு பொய் சொல்லும்.

அடுத்த வேலை பின்னோக்கிச் செலுத்தப் பழகுவது. புதியவர்கள் பெரும்பாலும் திணறுவது முகாமில் டிரெயிலரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும்போதுதான். விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் கடைத்தொகுதியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருநாள் செலவிட்டால் கை வந்துவிடும். சக்கரத்தின் அடிப்பாகத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்கையை எப்பக்கம் நகர்த்துகிறோமோ அப்பக்கமே டிரெயிலரின் பின்புறம் செல்லும். வெளியே ஒருவர் நின்று வழிகாட்டுவாராயின், ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தம் முகம் தெரியும் இடத்திலேயே அவர் நிற்க வேண்டும். அங்கே முகம் தெரியவில்லையென்றால், ஓட்டுநர் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.